மூடிய கடிதத்துக்கு ஒரு திறந்த மடல்

என் அன்புள்ள பரிந்துரைக் கடிதமே,

உன்னை நான் இன்றுவரை படித்ததில்லை. எனக்காக எழுதப்பட்டாய், என் பெயரைச் சுமந்துகொண்டு கடல் கடந்தாய், முன்பின் அறியாத ஒரு தேர்வுக் குழுவின் மேசையில் எனக்காகப் பேசினாய். அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. ஏற்பாடே அப்படித்தான். எழுதுகிறவர் தயவுதாட்சணியம் இல்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக, உன்னைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன். உடும்பஞ்சோலைத் தாலுகாவின் ஏலத்தோட்ட லயம் ஒன்றில் பிறந்து, வெளிநாட்டு உதவித்தொகையில் பூச்சியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வாங்கியதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது எங்கள் லயத்து வழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். பேச்சு நம் இருவருக்குள்தான்.

கடிதமே, நீ வருவதற்கு முன் என்னிடம் இருந்த காகிதங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். எங்கள் மலையில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் காகிதம் என்றாலே அடிவயிறு கலங்கும். ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே சாதிச் சான்று. ஒவ்வொன்றும் ஒரே கேள்வியை வேறு வேறு குரலில் கேட்கும்: நீ எங்கிருந்து வந்தவள்? பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. அந்த நாளுக்கு முன்பே உன் பாட்டன் கேரள மண்ணில் குடியிருந்தான் என்று காட்டு என்பார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தலைச்சுமையோடு மலையேறி வந்தவர்கள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்கள்? தோட்டம் கைமாறியிருக்கும், பழைய செக்ரோல் கரையான் தின்றிருக்கும். பக்கத்துத் தொகுதியான தேவிகுளத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வெற்றியே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது; 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு அதை மீட்டுத் தந்தது. எம்.எல்.ஏ.வுக்கே இப்படி என்றால், காய் எடுக்கிறவர் மகள் என்ன செய்வாள் என்று நீயே நினைத்துப் பார்.

கடிதமே, அந்தக் காகிதக் கூட்டத்தில் நீ ஒருத்திதான் என் பாட்டனை விசாரிக்கவில்லை. இவள் என்ன செய்தாள், அதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாய். உதவித்தொகைக்கு உதவித்தொகை உன் எண்ணிக்கை மாறும். ஃபுல்பிரைட்-நேருவுக்கு மூன்று பேர் எழுத வேண்டும், செவனிங்குக்கு இரண்டு பேர், எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகள் பெரும்பாலானவற்றுக்கும் இரண்டு பேர். ஆனால் உன் உள்ளே இருக்க வேண்டியது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இவரை எத்தனை நாளாக, எந்த முறையில் அறிவீர்கள், உடன் படித்தவர்களில் எந்த இடத்தில் வைப்பீர்கள், சொல்வதற்கு ஓர் உதாரணம் உண்டா. சான்றிதழ் என்பது முத்திரை, நீ சாட்சி. முத்திரைகளாலேயே அளக்கப்பட்டு வளர்ந்த பெண்ணுக்கு, தன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல ஓர் ஆள் உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குத் தெரியாது. உனக்கு நான் பட்ட முதல் கடன் அந்தச் செய்திதான்.

கடிதமே, எனக்கு நீ மூன்றாக வந்தாய். முதலாவதாக உன்னை எழுதியவர் என் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். நான் போய்க் கேட்டதும், “எழுதித் தருகிறேன். ஆனால் ‘கடின உழைப்பாளி, நல்ல பெண்’ என்று எழுதினால் அங்கே எவன் நம்புவான்? நான் என்ன பார்த்தேன் என்று எழுத வேண்டும். அந்தத் தேனீ நோட்டை எடுத்துக்கொண்டு வா” என்றார். தேனீ நோட்டு என்பது என் பட்டப்படிப்புத் திட்டப்பணி. ஏலச் செடியின் பூ உச்சியில் பூக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் பூக்கும். வெள்ளை இதழில் கத்தரிப்பூ நிறக் கோடுகள். விடியும் முன்னே விரியும். ஆயுள் ஒரே நாள். அந்த ஒரு நாளின் முன்பாதிக்குள் தேனீ வந்தால் காய். வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும். அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் எத்தனை மணிக்கு வருகின்றன, மருந்தடித்த மறுநாள் எத்தனை வருகின்றன என்று சரங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கேள்வி என்னுடையதுகூட இல்லை. காலையில் மருந்தடித்தால் ஈ வராது, ஈ வராவிட்டால் சரம் மொட்டையாகப் போகும் என்று அம்மா கூடை கட்டும்போது சொல்லிக்கொண்டே இருப்பார்.

கடிதமே, சார் அந்த நோட்டை என் எதிரிலேயே பக்கம் பக்கமாகத் திருப்பினார். கூட்டிப் போட்ட கணக்குகளைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்க்கவில்லை. இடையிடையே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த கட்டங்களில் அவர் விரல் நின்றது. அடைமழையில் தோட்டத்துக்குள் போக முடியாத காலைகள் அவை. கண் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நோட்டை மூடி என்னிடம் கொடுத்து, “போதும், போ” என்றார். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

கடிதமே, இரண்டாவதாக உன்னை எழுதியவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. எங்கள் தாலுகா மலைக்காடு, மூடுபனி, ஜீப்பு என்று படம் காட்டுகிறவர்களுக்கு இது தெரியாது: கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் பாம்பாடும்பாறையில் 1956 முதல் இருக்கிறது, நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் மயிலாடும்பாறையில் 1978 முதல் இருக்கிறது. லயத்துப் பிள்ளைகள் அந்த வாசல்களைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறோம். உள்ளே நுழையத்தான் தோன்றாது. இரண்டில் ஒன்றில் மைக்ரோஸ்கோப்பில் மகரந்தம் பார்க்க இடம் கொடுத்த மேடம் அவர். கறாரானவர். “ஒப்பிட்டு இடம் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். எல்லாரையும் முதல் இடத்தில் வைக்கிற ஆள் நான் இல்லை. எந்த இடம் உண்மையோ அதைத்தான் போடுவேன், சம்மதமா?” என்று முன்கூட்டியே கேட்டுவிட்டார். சம்மதம் என்றேன், முழங்கால் நடுங்கியது. இந்தக் கடன் தனி ரகம். வாய் நிறையப் புகழ்கிறவர் பத்துப் பேர் கிடைப்பார்கள். அளந்து சொல்கிறவர் சொல்லுக்குத்தான் வெளியே மதிப்பு. நீ என்னை இரண்டாவது இடத்தில் வைத்திருந்தாலும் சரி, ஐந்தாவது இடத்தில் வைத்திருந்தாலும் சரி, அந்த இடம் என் சொந்த இடம் என்ற நிம்மதியை நீ கொடுத்தாய்.

கடிதமே, மேடம் உன்னை எழுதி முடித்தது ஒரு பாடு. நீ போய்ச் சேர்ந்தது பெரும்பாடு. இப்போது நீ உறையில் போவதில்லை. விண்ணப்பதாரர் எழுதுகிறவரின் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும்; உதவித்தொகைக்காரர்கள் நேரே அவருக்கு ஓர் இணைப்பு அனுப்புவார்கள்; அவர் அதைத் திறந்து உன்னைப் பதிவேற்ற வேண்டும். ஜிமெயில் முகவரி என்றால் சந்தேகப்படுவார்கள், லெட்டர்பேட் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். மேடத்துக்கு வந்த இணைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கெடு நெருங்க நெருங்க மலையில் கரண்ட் போனது. மேடம் நெடுங்கண்டத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் உட்கார்ந்து உன்னை ஏற்றினார். ஏறிவிட்டது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் நன்றி சொல்லவும் இடம் கொடுக்கவில்லை.

கடிதமே, மூன்றாவதாக நீ மலையாளத்தில் பிறந்தாய். கல்லூரிக்கு வெளியே என்னை அறிந்தவர் ஒருவர் எழுத வேண்டும் என்றிருந்தது. எங்கள் வாசகசாலைச் செயலாளரிடம் போனேன். 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கம் இந்த மலை உச்சி வரைக்கும் படியேறி வந்ததால் எங்களுக்கும் ஓர் அறை, நான்கு அலமாரி. அதில் ஓர் அலமாரி தமிழ். இப்போது தோட்டங்களில் ஜார்கண்ட், அசாம், வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சேட்டன் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் பேப்பர் படிப்பார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காதவர் என்றுதான் நினைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும், “மோளே, எனிக்கு இங்கிலீஷ் அறிஞ்ஞூடா” என்றார். அதனால் என்ன, மலையாளத்தில் எழுதினார். பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரி என்று கீழே கையெழுத்தும் போட்டார். தமிழ்ப் பெண்ணுக்காக ஒரு மலையாளி எழுதி, ஆங்கிலத்தில் போன உன்னை நினைத்தால், மொழியின் பேரால் எங்கள் மலை பட்ட பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் சிறுத்துப்போகின்றன.

கடிதமே, நீ இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உன் குலம் கோத்திரம் எனக்குத் தெரியும். மதுரையில் யாழ் வாசித்துப் பாடிய பாணபத்திரருக்கு வறுமை வந்தபோது, ஆலவாய் இறைவனே அவருக்காகச் சேரமான் பெருமாளுக்கு ஒரு திருமுகம் எழுதிக்கொடுத்ததாகச் சைவ மரபு சொல்கிறது. பதினோராம் திருமுறை அந்தத் திருமுகப் பாசுரத்தில்தான் தொடங்குகிறது. எவ்வளவு கச்சிதமான பரிந்துரை தெரியுமா? யார் எழுதுகிறேன், வருகிறவன் என்ன தொழில் பயின்றவன், என்னிடம் எப்படிப்பட்டவன், எதற்கு வருகிறான், பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். கடவுளே எழுதியபோதும் ஒரு வரி மிகை இல்லை. சேரமான் திருமுகத்தைத் தலைமேல் வைத்து, கருவூலத்தையே திறந்துவிட்டார். பாணர் தமக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். பாண்டி நாட்டில் எழுதப்பட்டு, மலை தாண்டிச் சேர நாட்டுக்குப் போன கடிதம் அது. இன்றைக்கும் விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி வரும் பெண்கள் அதே திசையில்தான் வருகிறார்கள். அவர்கள் கையில் திருமுகம் எதுவும் இல்லை.

கடிதமே, நீ இராமானுஜனுக்குச் செய்ததை நான் விண்ணப்பம் எழுதிய நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காகிதத்தைப் பார்த்தால் அவர் எஃப்.ஏ. தேறாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதமாக நீ உடன் போனாய். மாதம் 30 ரூபாய் வேலை கிடைத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவர் நோட்டுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடம் இல்லை. உன்னைப் பார்த்ததும் இடம் உண்டாக்கினார்கள், மாதம் 75 ரூபாய். 1914 ஜனவரி 28 அன்று, கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரைக்காக வந்திருந்த நெவில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இன்னொரு கடிதம் எழுதினார். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் மாளிகைக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு. பயணத்துக்கும் உடுப்புக்கும் தனியாக 100 பவுண்டு. மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் புறப்பட்டது.

கடிதமே, அந்த 250 பவுண்டில் 50 பவுண்டு இந்தியாவில் இருந்த அவர் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. உதவித்தொகை வாங்கிய எந்த ஏழை வீட்டுப் பிள்ளையும் இந்த ஒரு கணக்கைப் பார்த்ததும் தலையாட்டும். நானும் அங்கே குளிர்கால பூட்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, லயத்துக் கூரைக்கு ஷீட் மாற்ற அனுப்பினேன். நீ கொடுப்பது ஒருத்தருக்கு என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கே கொடுக்கிறாய்.

கடிதமே, அம்பேத்கருக்கும் நீ துணை போனாய் என்பதை எங்கள் வாசகசாலையில்தான் படித்தேன். பம்பாயில் பூங்கா பெஞ்சில் தனியே உட்கார்ந்து படிக்கும் மாணவனைக் கவனித்தவர் ஆசிரியர் கேளுஸ்கர். அந்த மாணவன் மேலே படிக்க வழியில்லாமல் நின்றபோது, பரோடா மன்னர் சயாஜிராவிடம் போய்ப் பேசி மாதம் 25 ரூபாய்க்கு வழி செய்தார். 1913-இல் பரோடா உதவித்தொகையிலேயே அம்பேத்கர் கொலம்பியா போனார். அங்கே அவருக்குப் பொருளியல் கற்பித்த எட்வின் செலிக்மன், லண்டனில் இருந்த பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்கு அவரைப் பற்றி எழுதினார். பூங்கா பெஞ்சிலிருந்து லண்டன் வரைக்கும் கைமாறிக் கைமாறி நீ போயிருக்கிறாய். ஆரம்பத்தில் ஓர் ஆசிரியர் ஒரு பையனைப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் அப்போது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கடிதமே, எங்களுக்கு இன்னும் பக்கத்து ஆள் கே. ஆர். நாராயணன். அவர் பிறந்த உழவூர் கோட்டயம் மாவட்டம்; 1972 ஜனவரி 26-இல் இடுக்கி தனி மாவட்டம் ஆகும்வரை எங்கள் உடும்பஞ்சோலையும் கோட்டயம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஓலைக்கூரை வீடு, வயல் வரப்பில் மைல்கணக்கில் நடந்து படிப்பு. டாட்டா உதவித்தொகையில் 1945-இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார். 1948-இல் கிளம்பும்போது, அவர் கேட்காமலேயே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி நேருவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். டெல்லியில் நேருவைப் பார்த்தபோது, லண்டனைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. நாராயணன் கிளம்ப வேண்டிய நேரமும் வந்துவிட்டது. விடைபெறும்போதுதான் கடிதத்தை நீட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறார். வட்டமான தாழ்வாரத்தில் பாதி நடப்பதற்குள் பின்னால் கைதட்டும் சத்தம். கடிதத்தைப் படித்துவிட்ட நேரு, இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று திரும்ப அழைத்தார். 1949-இல் அவர் வெளியுறவுப் பணியில். 1997-இல் குடியரசுத் தலைவர் மாளிகையில். முதலில் தன் பேச்சு, பிறகு உன் பேச்சு என்று அவர் வைத்துக்கொண்ட வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடிதமே, உன்னிடம் மனம்விட்டுப் பேசும் உரிமையில் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு யாரைத் தெரியுமோ அவர்களிடமே நீயும் போகிறாய். நகரத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பேராசிரியர், அப்பாவின் நண்பர், நண்பரின் இயக்குநர் என்று எழுத ஆள் வரிசையில் நிற்கும். எங்கள் பிள்ளைக்கு லெட்டர்பேட் உள்ள ஆள் ஒருவரைத் தேடவே ஒரு பருவம் போய்விடும். “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அப்படி எழுதிக்கொண்டு போகிற பிள்ளை தன்னைப் புகழவும் தெரியாமல், விடவும் முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தில் நீ இல்லை. உன் உடுப்பு மட்டும்தான். யாரும் தன்னைப் பார்க்கவே இல்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை கடைசியில் தெரிந்துகொண்டு வருகிறது.

கடிதமே, என்னை எல்லாரையும்விட அதிகம் பார்த்தவர் அம்மா. அவரிடம் உன்னை எழுதச் சொல்ல எந்த உதவித்தொகையிலும் இடம் இல்லை. அம்மாவைப் பற்றியும் இதுவரை யாரும் உன்னை எழுதியதில்லை. அவர் கை எந்தக் காய் முற்றியது, எது இன்னும் ஒரு சுற்றுக்கு நிற்க வேண்டியது என்று தொட்டுப் பார்த்தே சொல்லும். சரத்தை மிதிக்காமல் தூருக்குள் புகுந்து வெளியே வருவார். அழுகல் நோய் எந்தச் செடியில் தொடங்கப்போகிறது என்று ஸ்டோருக்கே முன்கூட்டிச் சொல்வார். இத்தனைக்கும் இருக்கும் ஒரே எழுத்து, சாயங்காலம் கூடையை நிறுத்துக் கணக்கப்பிள்ளை பேருக்கு நேரே போடும் கிலோ. தேனீ பற்றிய கேள்வியைத் தந்தவர் யார் என்று என் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். என் கையால் நடந்த முதல் பரிந்துரை அது.

கடிதமே, உன்னைப் படிக்கவில்லை என்றேன். ஒரே ஒரு தடவை உன் ஓரம் தெரிந்தது. நேர்முகத்தில், கணினித் திரையில் மூன்று முகங்கள். கணக்கைப் பற்றிக் கேட்பார்கள், மருந்துகளின் பெயர் கேட்பார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்வி: உங்கள் நோட்டில் சில நாட்களின் கட்டங்களை ஏன் வெறுமையாக விட்டீர்கள்? மழை, அன்றைக்கு நான் பார்க்கவில்லை, பார்க்காததை எப்படி எழுதுவது என்றேன். திரையில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அந்த நோட்டு அவர்களிடம் இல்லை; நான் அனுப்பியதும் இல்லை. அப்படியானால் சார் எழுதியது அதைத்தான். நான் எண்ணிய ஆயிரக்கணக்கான தேனீக்களை விட்டுவிட்டு, எண்ணாத நாட்களை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அது சொல்வதற்குரிய விஷயம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது. நீ செய்கிற வேலை என்ன என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நானே எழுதிவிடலாம். எனக்குத் தெரியாததைச் சொல்ல இன்னொரு கண் வேண்டும்.

கடிதமே, இனிமேலும் உன்னைப் படிக்க எனக்கு ஆசை இல்லை. சார் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கேட்டால் ஒருவேளை எடுத்துக் காட்டுவார். வேண்டாம். படித்துவிட்டால் அந்த வரிகளோடு நான் நின்றுபோவேன். என்ன எழுதியிருப்பார்களோ, அதற்குத் தக்கபடி இருக்கிறேனா என்று தெரியாமல் வேலை செய்வதில் ஒரு நல்ல பயம் இருக்கிறது. அந்தப் பயத்தையும் உன் கொடைகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன்.

கடிதமே, பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்புகிறவர், எதிரே வருகிறவரிடம் வழி சொல்கிற பாட்டு. வாங்கியவருக்கு வழி சொல்லும் கடமை உண்டு என்று நம்மவர்கள் அன்றைக்கே வகுத்துவைத்திருக்கிறார்கள். இப்போது என்னிடமும் லெட்டர்பேட் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். ஆனால் கேட்டு வந்த பிறகு பார்க்கத் தொடங்கினால் உன்னை எழுத முடியாது என்று என் மூவரிடமும் கற்றுக்கொண்டேன். அதனால் பையில் ஒரு சிறு நோட்டு. யார் என்ன செய்தார்கள், எந்தத் தேதியில், நான் எங்கே நின்று பார்த்தேன். பூப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், பிளஸ் டூ. தோட்டத்துக் குளத்தில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் கோடு போட்டு, வாராவாரம் நீர் எவ்வளவு இறங்கியது என்று குறித்துவைக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை, மார்க்குக்காகவும் இல்லை. சித்திரை வெயிலில் குளம் வற்றிய வாரத்திலும் போய்ப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவைத்திருந்தாள். அவளுக்கு உதவித்தொகை என்றால் என்னவென்றே இன்னும் தெரியாது. என் நோட்டில் அவள் பெயர் ஏறிவிட்டது. என்றைக்காவது கதவைத் தட்டி, “டீச்சர், ஒரு லெட்டர் வேணும்” என்று நிற்பாள். அன்றைக்கு எழுத என்னிடம் விஷயம் இருக்கும்.

என்றும் உன் கடனாளி,
உடும்பஞ்சோலையிலிருந்து ஒருத்தி